பன்னிரண்டு கம்பிகளின் விம்மல்

முள் தட்டைத் தொட்டதும் முதலில் கேட்பது ஒரு கிதார். மணிக்கொத்து ஒன்றைக் கையில் எடுத்து மெல்லக் குலுக்கியதுபோல் அது இறங்கி வரும். அடியில் பாஸ் கிதார் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும். பத்து விநாடிகூட ஆகாது, அதற்குள் குரல்கள் சேர்ந்து பாடத் தொடங்கிவிடும். 'மிஸ்டர் டாம்பரின் மேன்' என்ற பாடலின் தொடக்கம் இது. அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் 1965 ஏப்ரல் 12 அன்று வெளியிட்ட ஏழு அங்குல இசைத்தட்டு. எழுதியவர் பாப் டிலன், பாடியவர்கள் தி பேர்ட்ஸ் என்ற புதிய குழுவினர்.

முதன்முறை கேட்டபோது, வாசிப்பது கிதார்தானா அல்லது சந்தூர் போல ஏதாவது ஒன்றா என்று நான் குழம்பினேன். கிதாரில் ஏது மணி? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. விடை தேடிப் போனால் அது ஒரு கலைஞனின் கற்பனையோடு நிற்கவில்லை. எஃகு எவ்வளவு இழுவை தாங்கும் என்பதில் தொடங்கி, காந்தம், ஒளிரும் தகடு, பிளாஸ்டிக்கில் வெட்டிய பள்ளம், வானத்தின் அயனி மண்டலம் என்று போய், நம் காதுத் துளையின் நீளத்தில் முடிகிறது. ஒரு பாட்டின் முதல் பத்து விநாடிக்குள் இத்தனையும் இருக்கின்றன.

பேர்ட்ஸ் என்பது பறவைகள் என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தை மாற்றி வைத்துக்கொண்ட பெயர். 1964இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒன்றுகூடிய ஐந்து இளைஞர்கள்: பின்னாளில் ரோஜர் என்று பெயர் மாற்றிக்கொண்ட ஜிம் மக்வின், ஜீன் கிளார்க், டேவிட் கிராஸ்பி, கிறிஸ் ஹில்மன், மைக்கேல் கிளார்க். நாட்டார் இசையில் ஊறியவர்கள். மக்வின், சிகாகோவின் ஓல்டு டவுன் நாட்டார் இசைப் பள்ளியில் பயின்றவர். ஹில்மன் மாண்டலின் கலைஞர், குழுவுக்காக பாஸ் கிதாரைக் கையில் எடுத்தார். மைக்கேல் கிளார்க்கிடம் தொடக்கத்தில் டிரம்ஸே இல்லை, அட்டைப் பெட்டிகளைத் தட்டித்தான் ஒத்திகை பார்த்தார்.

அந்த ஆண்டு பீட்டில்ஸ் நடித்த 'எ ஹார்ட் டேஸ் நைட்' திரைப்படம் வந்தது. படத்தில் ஜார்ஜ் ஹாரிசன் கையில் இருந்த கிதாரை மக்வின் கவனித்தார். முன்பக்கம் பார்த்தால் ஆறு முடுக்காணிகள்தான் தெரியும். ஹாரிசன் திரும்பும்போது மீதி ஆறும் பின்பக்கத்தில் தெரியும். ரிக்கன்பேக்கர் 360/12. பன்னிரண்டு கம்பி மின்கிதார். இதே மாதிரிக் கிதார் ஒன்றை மக்வினும் வாங்கினார்.

பன்னிரண்டு கம்பிக் கிதார் அமெரிக்க நாட்டார் இசைக்குப் புதிதல்ல. லெட் பெல்லி என்று அழைக்கப்பட்ட கறுப்பினப் பாடகர் ஹடி லெட்பெட்டர் அதைத் தன் அடையாளமாகவே வைத்திருந்தார். பீட் சீகரும் வாசித்தார். ஆனால் அவை மரப்பெட்டி ஒலியில் பேசியவை. ரிக்கன்பேக்கரோ மின்கிதாரை வணிகமாக முதலில் விற்ற நிறுவனம், 1930களின் தொடக்கத்திலேயே லாஸ் ஏஞ்சலஸில் காந்தமும் கம்பிச்சுருளும் பொருத்திய கிதார்களைச் செய்தவர்கள். நாட்டார் இசையின் பன்னிரண்டு கம்பியும் ராக் இசையின் காந்தமும் ஒரே மரத்தில் வந்து சேர்ந்த கருவி அது. ஃபோக் ராக் என்ற பெயர் புழக்கத்துக்கு வருமுன்பே, அந்தச் சேர்க்கை ஒரு தச்சுப்பட்டறையில் நடந்து முடிந்திருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கிதாரில் கம்பிகள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஆறு ஜோடி. அடிக்குரல் ஜோடிகள் நான்கிலும் ஒரு தடித்த கம்பி, பக்கத்திலேயே அதற்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய கம்பி. கீழ் ஸட்ஜமும் மேல் ஸட்ஜமும் கைகோத்து நிற்பதுபோல. ஆனால் மேற்குரல் ஜோடிகள் இரண்டில் மட்டும் இரு கம்பிகளும் ஒரே சுருதி. ஏன் இந்தப் பாகுபாடு? எல்லா ஜோடிக்கும் ஒரு மேல் ஸ்தாயியைக் கொடுத்திருக்கலாமே?

கொடுக்க முடியாது. எஃகு இடம்கொடுக்காது.

ஒரு கம்பியின் சுருதி மூன்றைப் பொறுத்தது: நீளம், இழுவிசை, எடை. 1636இல் பிரான்ஸின் மரேன் மெர்சென் இதை விதிகளாகவே எழுதி வைத்தார். கிதாரில் எல்லாக் கம்பிக்கும் நீளம் ஒன்று, இந்தக் கிதாரில் சுமார் 63 சென்டிமீட்டர். இழுவிசையை மாற்றாமல் ஒரு ஸ்தாயி ஏற வேண்டுமென்றால் கம்பியின் எடை கால் பங்காக வேண்டும், அதாவது விட்டம் பாதியாக வேண்டும். சரி, மேலும் மெலிதாக்கினால் மேலும் ஏறலாம் என்று தோன்றும். அங்கேதான் இயற்கை ஒரு கோடு போட்டிருக்கிறது. கம்பி மெலியும்போது எடை குறைகிறது. அதே விகிதத்தில் இழுவை தாங்கும் திறனும் குறைகிறது. ஒன்று இன்னொன்றை ஈடுகட்டிவிடுகிறது. ஆகவே குறிப்பிட்ட நீளமுள்ள எஃகுக் கம்பிக்கு, அறுந்துபோகும் சுருதி என்று ஒன்று உண்டு. கம்பி தடித்ததோ மெலிந்ததோ, அந்தச் சுருதி ஏறக்குறைய ஒன்றேதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்காவது ஜோடியின் மெல்லிய கம்பி ஒலிக்க வேண்டியது விநாடிக்கு 392 அதிர்வு. 63 சென்டிமீட்டர் நீளத்தில் அந்தச் சுருதிக்கு, ஒரு சதுர மில்லிமீட்டர் எஃகு கிட்டத்தட்ட 190 கிலோ எடையைத் தாங்க வேண்டும். இசைக் கம்பிக்கான நல்ல எஃகு 250 கிலோவுக்குச் சற்று மேல் தாங்கும். தாங்கிவிடலாம், ஆனால் எல்லைக்குப் பக்கத்தில். அடுத்த ஜோடிக்கும் மேல் ஸ்தாயி வேண்டுமென்றால் 494 அதிர்வு. சதுர மில்லிமீட்டருக்கு 300 கிலோவைத் தாண்டும். முடுக்காணியைத் திருப்பும்போதே அறுந்துவிடும். ஐந்தாவது ஜோடியில் மேல் ஸ்தாயி நின்றுபோவது யாருடைய ரசனையாலும் அல்ல. பன்னிரண்டு கம்பிக் கிதார்காரர்களைக் கேட்டால் அடிக்கடி அறுவது அந்த 392 கம்பிதான் என்பார்கள். ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் தடிமன். அதில் ஓடும் அலையின் வேகம் விநாடிக்கு 490 மீட்டர், காற்றில் ஒலி செல்லும் வேகத்தைவிட அதிகம். பன்னிரண்டு கம்பிகளின் மொத்த இழுவையும் நூறு கிலோவை ஒட்டி வரும். அந்தச் சுமைக்கு வளையாமல் இருக்கவே ரிக்கன்பேக்கர் கழுத்துக்குள் இரட்டை உலோகத் தண்டுகள் ஓடுகின்றன.

பெரும்பாலான பன்னிரண்டு கம்பிக் கிதார்களில், கையை மேலிருந்து கீழே இழுத்தால் மெல்லிய கம்பி முதலில் படும், தடித்தது அடுத்து. ரிக்கன்பேக்கரில் இந்த வரிசை தலைகீழ். தடித்தது முதலில், மெல்லியது பின்னால். கண் இமைக்கும் நேரத்தில் மிகச் சிறிய பங்குதான் இடைவெளி. ஆனாலும் ஒவ்வொரு சுரத்தின் நுனியிலும் ஒரு மணியின் நாக்கு தட்டுவதுபோல அந்த மேல் ஸ்தாயி வந்து விழும்.

இப்போது அந்த மினுமினுப்புக்கு வருவோம். இதை விளக்கத் தம்புராவைவிட நல்ல கருவி இல்லை. தம்புராவின் நடுவிலுள்ள இரு தந்திகளும் ஒரே ஸட்ஜம். சாரணி, அனுசாரணி என்பார்கள். சுருதி சேர்ப்பவர் மணியை உருட்டிக்கொண்டே காதைச் சாய்த்து எதைக் கேட்கிறார்? இரண்டும் சற்று விலகியிருந்தால் ஒலி ஏறி இறங்கும். ஊம்... ஊம்... ஊம் என்று மூச்சு விடும். நெருங்க நெருங்க அந்த மூச்சு மெதுவாகும். சேர்ந்துவிட்டால் அடங்கிவிடும். பள்ளிப் பாடநூல் இதற்கு வைத்திருக்கும் பெயர் விம்மல். எவ்வளவு அழகான கலைச்சொல்! இரண்டு அதிர்வெண்களின் வித்தியாசம் எவ்வளவோ, விநாடிக்கு அத்தனை விம்மல். ஒரு கம்பி 330 தடவையும் மற்றது 331 தடவையும் அதிர்ந்தால் விநாடிக்கு ஒரு விம்மல்.

ஆனால் எந்தக் கம்பியும் ஒரே சுரத்தை மட்டும் ஒலிப்பதில்லை. 196 தடவை அதிரும் கம்பி, கூடவே 392, 588, 784 என்று மேற்சுரங்களின் அடுக்கையே எழுப்புகிறது. அதன் ஜோடியான மெல்லிய கம்பி மிகச் சரியாக 392இல் நிற்காமல் 393இல் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 392இன் பக்கத்தில் விநாடிக்கு ஒரு விம்மல். அதற்கு மேலடுக்கில் 784உம் 786உம் உரசும், விநாடிக்கு இரண்டு. அடுத்த அடுக்கில் 1176உம் 1179உம், விநாடிக்கு மூன்று. ஒரே ஜோடிக்குள் இத்தனை வேகங்கள்! ஆறு ஜோடிகளுக்கும் இப்படி வெவ்வேறு விலகல்கள். தடித்த கம்பியின் விறைப்பால் அதன் மேற்சுரங்கள் கணக்கிட்ட இடத்திலிருந்து ஒரு மயிரிழை மேலே ஏறி நிற்கும். அதனால் எவ்வளவு கவனமாகச் சுருதி சேர்த்தாலும் எங்கோ ஓர் அடுக்கில் விம்மல் மிஞ்சும். அந்தி வெயில் பட்ட ஏரி போல, எந்தப் புள்ளியும் மற்றப் புள்ளியோடு ஒத்துப்போகாமல் மினுங்குகிறதே, அந்த ஒலி இதுதான். முழுதாகச் சுருதி சேராமல் இருப்பதே இதற்கு ஆதாரம்.

அடுத்தது காந்தம். கம்பிகளுக்கு அடியில் காந்தமும் அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச்சுருளும் இருக்கின்றன. எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்ட விதி. பாலத்துக்கு அருகே இருக்கும் காந்தம் அடிச்சுரத்தைவிட மேற்சுரங்களையே நன்றாகப் பிடிக்கும், ஏனென்றால் கம்பி முடியும் இடத்தில் அடிச்சுரத்தின் ஆட்டம் மிகச் சிறியது. மணிக்குத் தேவையான கூர்மை அங்கே கிடைக்கிறது.

ஆனால் கூர்மை மட்டும் மணியாகிவிடாது. மணிக்குத் திடீர்த் தொடக்கமும் வேண்டும், நெடுநேரம் கரையும் வாலும் வேண்டும். மின்கிதாரின் மெல்லிய கம்பிகளோ தட்டியதும் பளீரென்று எழுந்து சட்டென்று தேய்ந்துபோகும். பதிவுக்கூடத்தில் மக்வினின் கிதாருக்கு நீண்ட வாலைக் கொடுத்தது கம்ப்ரஸர் என்ற பெட்டி. ஒலி உரக்க எழும்போது அதைத் தானே அடக்கும், ஒலி தாழும்போது பிடியைத் தளர்த்தும். பிறகு மொத்தத்தையும் தூக்கி வைத்தால், தேய்ந்துகொண்டிருந்த வாலும் முன்வரிசைக்கு வந்துவிடும். தங்கள் கருவிகளை ராக் இசையின் சத்தத்திடமிருந்து காக்கவே கூடத்தின் பொறியாளர் எல்லாவற்றுக்கும் கம்ப்ரஸர் வைத்தார் என்று மக்வின் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பாதுகாப்புக்கு வைத்தது இசையாகிவிட்டது.

அந்தக் காலத்துக் கம்ப்ரஸர்களில் ஒருவகை என்னை மிகவும் கவர்ந்தது. கலிபோர்னியாவின் பசடீனாவில் டெலிட்ரானிக்ஸ் என்ற சிறு நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் செய்தது. பெட்டிக்குள் ஓர் ஒளிரும் தகடு, எதிரே ஒளிபட்டால் மின்தடை குறையும் ஒரு சிறு துண்டு. பாட்டு உரக்க ஒலித்தால் தகடு பிரகாசமாகும், அந்த வெளிச்சமே பாட்டை அடக்கும். அந்தத் துண்டுக்கு ஒருவித நினைவும் உண்டு. வெளிச்சம் போன உடனே முழுதாக விடுபடாது. ஒரு விநாடியின் சிறு பங்குக்குள் பாதி தளரும், மீதி சில விநாடிவரை தயங்கித் தயங்கி விடுபடும். காதுக்கு இதமான தயக்கம். பாட்டுக்கேற்ப இருட்டுக்குள் மினுங்கி மினுங்கி அடங்கும் அந்தத் தகட்டை யாரும் பார்ப்பதில்லை.

பாட்டு எப்படி அவர்களிடம் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். டிலன் 1964இல் எழுதி, அந்த ஜூனில் ஒருமுறை பதிவு செய்து, அப்போது வெளியிடாமல் விட்ட பாடல் அது. அந்தப் பதிவின் பிரதி ஒன்று பேர்ட்ஸின் மேலாளர் ஜிம் டிக்சன் கைக்கு வந்தது. டாம்பரின் என்பது சதங்கைத் தகடுகள் கோத்த தோற்கருவி, நம் கஞ்சிராவுக்குத் தூரத்து உறவு. டிலனோடு கிதார் வாசித்த புரூஸ் லாங்ஹார்ன் கொண்டுவந்த மிகப் பெரிய துருக்கிப் பறை ஒன்றுதான் தனக்கு அந்தத் தலைப்பைக் கொடுத்தது என்று டிலன் பின்னாளில் எழுதியிருக்கிறார். குழுவினருக்கு முதலில் பாட்டு பிடிக்கவில்லை. வேர்ல்டு பசிபிக் என்ற கூடத்தில் இரவு இரவாக ஒத்திகை பார்த்தார்கள். டிக்சன் ஒவ்வொன்றையும் நாடாவில் பதிந்து அவர்களுக்கே போட்டுக் காட்டினார். அந்தக் கட்டத்துப் பதிவில் தாளம் ராணுவ அணிவகுப்பு போலிருக்கும். இரண்டு எண்ணிக்கைத் தாளம் நான்காக மாறிய பிறகுதான் ஆடத் தோன்றும் நடை வந்தது.

1965 ஜனவரி 20. ஹாலிவுட்டில் கொலம்பியாவின் பதிவுக்கூடம். தயாரிப்பாளர் டெரி மெல்ச்சருக்கு இருபத்திரண்டு வயது. குழுவின் கைத்திறத்தை நம்பி முதல் தட்டை அவர்களிடம் விட நிறுவனம் தயாராக இல்லை. ஹால் பிளெய்ன் டிரம்ஸ், லாரி நெக்டெல் பாஸ், ஜெரி கோல் கிதார், லியன் ரஸல் மின்பியானோ என்று லாஸ் ஏஞ்சலஸின் தேர்ந்த வாத்தியக்காரர்கள் வந்தார்கள். ஐந்து பேரில் வாசிக்க அனுமதி கிடைத்தது மக்வினுக்கு மட்டும். பாடியது மக்வின், ஜீன் கிளார்க், கிராஸ்பி. மூன்று மணி நேரத்தில் இரு பக்கத்துக்குமான வாத்தியப் பகுதி முடிந்தது என்றும், பின்னாளில் குழுவே வாசித்த 'டர்ன்! டர்ன்! டர்ன்!' பாட்டுக்கு 77 முறை எடுக்க வேண்டியிருந்தது என்றும் மக்வின் சொல்லியிருக்கிறார். வெளியே உட்கார்ந்திருந்த ஹில்மனையும் மைக்கேல் கிளார்க்கையும் நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. பாஸின் அந்த வழுக்கலை உலகம் ஹில்மனுடையது என்றே நினைத்துக் கேட்டது.

தொடக்கத்தில் கிதார் வாசிக்கும் சுரவரிசைக்கு மூலம் இசையமைப்பாளர் பாக் என்று மக்வின் கூறியிருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் தேவாலய இசையின் நடை, சிகாகோவில் கற்ற பான்ஜோவின் விரல்நடையில் வருகிறது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒரு தட்டை வில்லை, நடுவிரலிலும் மோதிரவிரலிலும் உலோக நகங்கள். உலோகம் எஃகைத் தட்டுகிறது.

டிலனே பாடியது ஐந்தரை நிமிடத்தை ஒட்டி வரும். நான்கு சரணங்கள். பேர்ட்ஸ் பல்லவியைப் பாடி, ஒரே ஒரு சரணத்தைப் பாடி, மீண்டும் பல்லவியோடு முடித்துவிட்டார்கள். இரண்டே கால் நிமிடத்துக்குச் சற்றுக் கூட. கவிதையை வெட்டிவிட்டார்கள் என்று வருந்தியவர்கள் உண்டு. எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் ஏழு அங்குலத் தட்டு கேட்டது அந்த நீளத்தைத்தான். காரணம் வடிவியல்.

ஆர்.சி.ஏ. நிறுவனம் 1949இல் கொண்டுவந்த சிறு தட்டு அது. நிமிடத்துக்கு 45 சுற்று. விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கிச் சுருளும் ஒரே பள்ளம். பள்ளத்தின் சுவர்கள் பாட்டுக்கேற்ப நெளிந்திருக்கும். சத்தம் கூடினால் நெளிவு அகலும், அகன்றால் அடுத்த சுற்றின் பள்ளம் தள்ளிப் போக வேண்டும், தட்டில் இடம் விரைவில் தீரும். ஆகவே ஒன்று நீளமாகப் பாடலாம், அல்லது உரக்கப் பாடலாம். தேநீர்க்கடையின் ஜூக்பாக்ஸிலும் வானொலியிலும் பக்கத்துப் பாட்டைவிடத் தாழ்ந்து ஒலிக்க எவருக்கு மனம் வரும்? அடிக்குரல்கள் மிக அகலமாக நெளியும் என்பதால் வெட்டும்போதே அவற்றைக் குறைத்து, மேற்குரல்களை உயர்த்தி வெட்டுவார்கள். ஒலிக்கும் கருவி அதைத் தலைகீழாக்கி நேர்செய்யும். அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் 1954இல் இதற்குப் பொதுவான அளவொன்றை ஏற்றுக்கொண்டிருந்தன.

நம் பாட்டு முடிவதற்குள் தட்டு நூற்றுச் சொச்சம் முறை சுற்றுகிறது. அந்தப் பள்ளத்தைப் பிரித்து நீட்டினால் ஏறத்தாழ 45 மீட்டர் வரும். விளிம்பில் முள்ளுக்கு அடியில் பிளாஸ்டிக் விநாடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் ஓடுகிறது. விநாடிக்கு 3000 அதிர்வுள்ள மேற்சுரத்தின் ஓர் அலைக்குக் கிடைக்கும் இடம் 0.13 மில்லிமீட்டர். 10,000 அதிர்வென்றால் 0.04 மில்லிமீட்டர், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. நடுவை நெருங்க நெருங்க ஓட்டம் குறைந்து அலைகள் இன்னும் நெருக்கப்படும், முள்ளால் அவற்றைச் சரியாகப் பின்தொடர முடியாது. தட்டின் மிகத் தெளிவான இடம் விளிம்பு. அந்த மணிக்கொத்து இருப்பதும் விளிம்பில்.

பதிவானது ஜனவரியில் என்றாலும் தட்டு கடைக்கு வரக் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் மார்ச்சில் டிலனின் சொந்தப் பதிவு அவருடைய எல்.பி.யில் வந்துவிட்டது. பேர்ட்ஸ் அந்த மாதத்தில் லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் ஸ்டிரிப்பில் சிரோஸ் என்ற விடுதியில் இரவுதோறும் வாசித்துக் கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் டிலனே மேடையேறி அவர்களோடு ஹார்மோனிகா வாசித்தார். எல்.பி.க்கு முன்னால் ஒரு பாட்டை மட்டும் சிங்கிளாக அனுப்பி ஊரின் காதைச் சோதிப்பது இசைத்தட்டு வணிகத்தின் வழக்கம். ஏப்ரல் 12இல் சிங்கிள் போனது. ஜூன் 21இல் அதே பெயரில் எல்.பி. வந்தது. ஜூன் 26இல் பில்போர்டு இதழின் பாடல் தரவரிசையில் சிங்கிள் முதலிடம் பிடித்தது. டிலன் எழுதிய ஒரு பாடல் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது அதுவே முதல்முறை. ஜூலையில் பிரிட்டனிலும் முதலிடம். டிலன் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் மின்கிதாரோடு ஏறி ஒரு பகுதியினரின் கூச்சலை வாங்கிக்கொண்டது அதே ஜூலை 25இல்தான். ஃபோக் ராக் என்ற சொல்லை ஜூன் மாத பில்போர்டு இதழ் பேர்ட்ஸை ஒட்டியே அச்சிட்டிருந்தது.

இந்த வெற்றிக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். என் மனம் திரும்பத் திரும்பப் போவது டிரான்சிஸ்டர் வானொலிக்குத்தான்.

1965இல் அமெரிக்க இளைஞர்கள் பாட்டுக் கேட்டது பெரும்பாலும் ஏ.எம். வானொலியில். நிலையங்கள் 10,000 ஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருக்கி வைக்கப்பட்டிருந்தன. பக்கத்து நிலையம் குறுக்கிடாமலிருக்க வானொலிப் பெட்டிகள் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைப் பெரும்பாலும் வெட்டிவிடும். கீழே, உள்ளங்கையளவு பெட்டியின் குட்டி ஒலிபெருக்கியால் அடிக்குரலை எழுப்பவே முடியாது. பாட்டின் தலையும் போயிற்று, காலும் போயிற்று. மிஞ்சுவது நடுப்பகுதி. இரவில் மட்டும் ஒரு சலுகை உண்டு. சூரியன் மறைந்ததும் அயனி மண்டலத்தின் கீழ்ப்படலம் கரைந்துவிடும். பகலில் அலைகளை விழுங்கிக்கொண்டிருந்தது அதுதான். அது போனதும் அலைகள் மேல் படலத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இறங்கும். நள்ளிரவில் ஏதோ ஓர் ஊரில் ஒரு சிறுமியின் தலையணைக்கடியில் வேறு மாநிலத்து நிலையம் மெல்லப் பாடும்.

மிஞ்சிய அந்த நடுப்பகுதியில்தான் நம் காது மிகக் கூர்மையாக இருக்கிறது. காதுத் துளை ஒரு முனை மூடிய குழாய், நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். புல்லாங்குழலுக்கு ஒரு சுருதி இருப்பதுபோல அந்தக் குழாய்க்கும் உண்டு. அதன் நீளத்தைப்போல் நான்கு மடங்கு நீளமுள்ள அலை அதற்குள் கச்சிதமாக அமர்ந்து பெருகும். பத்து சென்டிமீட்டர் அலை என்றால் விநாடிக்கு மூவாயிரத்துச் சொச்சம் அதிர்வு. மெல்லிய கம்பிகளின் மேற்சுரங்களும், உலோக நகத்தின் தட்டலும், கம்ப்ரஸர் தூக்கி வைத்த விம்மல்களும் குவிந்து நிற்பது அந்த வட்டாரத்தில். மலிவான வானொலி எதை விட்டுவைத்ததோ, காது எதைப் பெருக்குகிறதோ, அந்தக் கிதார் பேசியதும் அதே இடத்தில்.

அப்படியானால் பாஸ்? விநாடிக்கு நூறுக்கும் கீழே அதிரும் அந்த வழுக்கலைக் குட்டி ஒலிபெருக்கி தரவே இல்லையே, எப்படிக் கேட்டார்கள்? மூளை கணக்குப் போட்டுக்கொள்கிறது. 160, 240, 320 என்று மேற்சுரங்கள் மட்டும் வந்தால், இவற்றுக்கெல்லாம் பொதுவான அடி 80 என்று அது தானே நிரப்பிக்கொள்ளும். பழைய தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் அனுப்பாது. அப்பாவின் குரலோ நூற்றை ஒட்டியது. இருந்தும் தொலைபேசியில் அப்பா அப்பாவாகத்தான் பேசினார். இன்று கைப்பேசியின் சன்ன ஒலிபெருக்கியில் இந்தப் பாட்டைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்கும் பாஸில் பெரும்பகுதி அந்த அறைக் காற்றில் இல்லை.

1965 ஆகஸ்டில் பீட்டில்ஸ் லாஸ் ஏஞ்சலஸ் வந்தபோது மக்வினும் கிராஸ்பியும் அவர்களைச் சந்தித்தார்கள். ஜார்ஜ் ஹாரிசனிடம் இருவரும் சிதார் கலைஞர் ரவி சங்கரைப் பற்றிப் பேசினார்கள். யாருடைய கையில் அந்தப் பன்னிரண்டு கம்பிக் கிதாரைக் கண்டாரோ, அவரிடமே மக்வின் இன்னொரு தந்தி வாத்தியக் கலைஞரைப் பற்றிப் பேசினார். அந்த அக்டோபரில் ஹாரிசன் 'நார்வீஜியன் வுட்' பாட்டுக்கு சிதார் வாசித்தார். அதே எல்.பி.யில் பேர்ட்ஸின் கிதார் நடையை ஒட்டித் தானும் ஒரு பாட்டு எழுதிச் சேர்த்தார், அதை மறைக்காமல் சொல்லவும் செய்தார்.

ரவி சங்கரை கிராஸ்பிக்கும் மக்வினுக்கும் தெரிந்திருந்தது தற்செயல் அல்ல. அவருடைய தட்டுகளை அமெரிக்காவில் பதிவு செய்து வெளியிட்டது வேர்ல்டு பசிபிக். அட்டைப் பெட்டியைத் தட்டிக்கொண்டு பேர்ட்ஸ் இரவுகளைக் கழித்த அதே வேர்ல்டு பசிபிக். அங்கிருந்து வந்த சிதார்த் தட்டுகளில் ஒன்றைப் போட்டு, சிதார் சற்று ஓயும் இடத்தில் காதைக் கொடுத்தால் பின்னால் தம்புரா கேட்கும்: ஒரே ஸட்ஜத்துக்கு இழுத்த இரண்டு தந்திகள், நடுவே ஒரு மெல்லிய விம்மல்.